செஞ்சிப் பாறைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன?

மார்கழி, தை மாதங்களில் ஒரு வார இறுதியைச் செஞ்சிக்கு ஒதுக்குங்கள். வெயில் தாழ்ந்த அந்த நாட்களில்தான் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் நிதானமாக ஏற முடியும். ஏறும்போது எல்லோருக்கும் எழும் கேள்வி: இத்தனை உருண்டைக் கற்களை இங்கே யார் அடுக்கியது? எரிமலை கக்கியதா?

இல்லை. இது எரிமலையாக வெளியே வராமலே உறைந்துபோன குழம்பு; கிரானைட் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், மிக மெதுவாக ஆறியது. மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர்ந்தன. கல்லை அருகில் பாருங்கள்: கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெளிர் ஃபெல்ஸ்பார், கரும்புள்ளிகள் தனித்தனியே தெரியும். மேலே வழிந்து சீக்கிரம் ஆறிய தக்காணத்து பசால்ட்டில் இப்படிப் பார்க்க முடியாது.

மேலிருந்த பாறைகள் அரித்துப் போக, அழுத்தம் குறைந்து கிரானைட் விரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழுந்தது. மழைநீர் அதில் இறங்கி ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்கியது. விரிசல்களுக்கு இடையே உள்ள கல் கட்டியின் முகத்தை நீர் ஒரு பக்கமாகத் தாக்கும். மூலையையோ மூன்று பக்கமும் தாக்கும். ஆகவே மூலைகள் முதலில் கரைந்தன. மண்ணை மழை அடித்துச் செல்ல, உருண்ட நடுக்கற்கள் நின்றுவிட்டன.

பக்கத்துத் தொண்டூரில் இத்தகைய பாறை நிழலைத்தான் சமணத் துறவிகள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும் தமிழ்-பிராமிக் கல்வெட்டும் இன்றும் அங்கே உள்ளன. செஞ்சி போகிறவர்கள் அதையும் அவசியம் பார்க்க வேண்டும்.