பழுதே இல்லாமல் துண்டான மின்பாதை

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்தில் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்பாதை ‘ட்ரிப்’ ஆனது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது. சில வினாடிகளில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே பாதை மறுபடியும் ட்ரிப் ஆனது. இம்முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 60 கோடி. தென்னக மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை என்பதால் தமிழ்நாடு தப்பியது.

இத்தனைக்கும் அந்தப் பாதையில் கம்பி அறுந்திருக்கவில்லை, மரமும் உரசவில்லை. பாதையைக் காக்கும் தூர ரிலே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கும். விடை குறைந்தால் பழுது என்று முடிவெடுத்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும். அன்று இணைப்பாதைகள் சில செயல்படாமல் இருந்ததால் பளு முழுவதும் இந்தப் பாதையின்மேல் ஏறியது. மின்னோட்டம் கூடி, அழுத்தம் தாழ்ந்து, விடை, ரிலே பழுதென்று கொள்ளும் எல்லைகளில் கடைசியான மூன்றாம் மண்டலத்துக்குள் இறங்கிவிட்டது.

உண்மைப் பழுதுக்கும் பளு ஏற்றத்துக்கும் உள்ள வேறுபாடு, ரிலே எழுதும் அலைப்பதிவில் பளிச்சென்று தெரியும். கம்பி ஒன்று தரையைத் தொட்டால் அந்த ஒரு ஃபேஸில் மட்டும், 20 மில்லிவினாடிச் சுற்று ஒன்று முடிவதற்குள், மின்னோட்டம் எகிறும். அழுத்தம் குழியாக விழும். பளு ஏறும்போது மூன்று ஃபேஸ்களும் ஒன்றுபோல நிதானமாக வீங்கும். அனுபவமுள்ள பாதுகாப்புப் பொறியாளர் பார்த்ததும் சொல்லிவிடுவார். ஆனால் புயல் நாளில் துணைமின் நிலையங்களிலிருந்து வந்து குவியும் பதிவுகள் அத்தனையையும் யார் பார்ப்பது?

தானியங்கிப் பழுது ஆய்வு செய்வது இந்த வேலையைத்தான். வெவ்வேறு நிறுவனங்களின் ரிலேக்கள் எழுதும் பதிவுகளை ‘காம்ட்ரேட்’ என்னும் பொது வடிவில் மென்பொருள் தானே இழுத்துக்கொள்கிறது. எந்த ஃபேஸ், எத்தனையாவது கிலோமீட்டர், ரிலே உரிய நேரத்தில் கட்டளையிட்டதா, பிரேக்கர் கீழ்ப்படிந்ததா என்று சரிபார்க்கிறது. பழுதிலிருந்து இரு முனைகளுக்கும் ஓடும் அலை, மைக்ரோவினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் கடக்கும். அது வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துப் பழுதின் இடத்தைக் கணிக்கலாம். கடிகாரங்கள் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் இடம் 150 மீட்டர் தள்ளிப்போகும்.

ஆகவே ஜிபிஎஸ் கடிகாரத்தைத்தான் இதன் உயிர்நாடி என்பேன். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடையை ஆராய்ந்தவர்கள், பதிவுக் கருவிகள் பல ஆளுக்கொரு நேரம் காட்டியதால் எது முதலில் நடந்தது என்று வரிசைப்படுத்தவே படாதபாடு பட்டார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப்படுவது இன்னொன்று. சாதாரண நாளில் ஒரு ரிலே தேவையில்லாமல் ட்ரிப் ஆனால், மின்சாரம் திரும்பியதும் அந்தப் பதிவை யாரும் புரட்டுவதில்லை. மென்பொருள் அதையும் படித்து, ‘பாதையில் பழுதில்லை, மூன்றாம் மண்டல அமைப்பைச் சரிபார்க்கவும்’ என்று அன்றைக்கே பொறியாளர் மேசைக்கு அனுப்பிவிடும்.