கூத்து மேடை மாந்தர்: கர்ணனும் பொன்னுருவியும்

வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கூத்தர்களும் ஊராரும் பெரிதாக மதிக்கும் நாடகம் ‘கர்ண மோட்சம்’. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. நளவெண்பா பாடிய புகழேந்தியின் தமிழ் அல்ல இது; பெரிய எழுத்துக் கதைப்பாடல்கள் பலவற்றின் மேல் ஏறிய அதே பெயர் இதன் மேலும் ஏறிக்கொண்டது. ஹன்னே டி புருயின் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998இல் வெளியிட்டார்.

திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை வந்து, ஷிப்டு வேலை பழகிப்போன பக்கத்திலும் கூத்தென்றால் விடிய விடியத்தான். விழாவின் பிற்பகுதியில், பதினெட்டாம் போருக்கும் படுகளத்துக்கும் முன்பாகக் கர்ண மோட்சம் வருகிறது.

துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் உள்ள நட்பைக் கூத்து அதிகம் விளக்குவதில்லை. தேரோட்டி மகன் என்று சபை சிரித்த நாளில் அங்க நாட்டைக் கொடுத்தவன் துரியோதனன். பானுமதியோடு சொக்கட்டான் ஆடிய கர்ணனைச் சந்தேகிக்காதவனும் அவன்தான். ஊருக்கே தெரிந்த கதை.

கூத்தின் உயிர் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கத்தில் இருக்கிறது. வியாசரிடம் பொன்னுருவி என்ற பெயரே கிடையாது. அவள் தமிழ் நாட்டார் மரபு தந்த மனைவி. அரச குலத்தில் பிறந்த தன்னைத் தேரோட்டி மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கணவனை அண்டவிடாதவள். மறுநாள் சாகப்போகிறவன் விடைபெற வருகிறான். அவள் குலத்தைச் சொல்லி ஏசுகிறாள். தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையுமாக அடவு போட்டு அதிர வந்த கட்டை வேடம், சேலை கட்டிய ஆண் கூத்தரின் ஏச்சுக்கு முன்னால் தணிந்து நின்று பாடுகிறது. பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வோர் அடியையும் வாங்கித் திருப்பிப் பாடுவதால் அவமானம் இரண்டு முறை காதில் விழும்.

இந்திரன் கவச குண்டலம் கேட்டு வந்தான். குந்தி வரம் கேட்டு வந்தாள். கண்ணன் புண்ணியத்தைக் கேட்டு வரப்போகிறான். கர்ணனைத் தேடி வருகிறவர்கள் எல்லாருமே வாங்கிப்போக வருகிறவர்கள். பொன்னுருவி ஒருத்தியிடம்தான் கொடையாளி யாசகனாக நிற்கிறான். கேட்பதும் பெரிய பொருள் இல்லை; முகம் கொடுத்து ஒரு வார்த்தை. அதற்காக, நண்பனிடமும் சொல்லாத பிறப்பு ரகசியத்தை அவன் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அவள் மனம் மாறுகிறாள். போருக்குப் போகாதே என்று மன்றாடுகிறாள். அவன் குணத்துக்காக மாறினாளா, குந்தி மகன் என்ற குலத்துக்காக மாறினாளா என்பதைக் கூத்து விசாரிப்பதில்லை. குலம்தான் மாற்றியது என்பதே நேரான வாசிப்பு. அந்தக் கசப்பைப் பூசி மெழுகாததே நாடகத்தின் பலம்.

குந்தியோடு உள்ள உறவை வில்லிபாரதம் விரிவாகச் சொல்கிறது. அவள் கேட்டவை இரண்டு: நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடக்கூடாது, அர்ச்சுனனைத் தவிர மற்ற மகன்களைக் கொல்லக்கூடாது. அவன் கேட்டது ஒன்று: களத்தில் விழும்போது மடியில் எடுத்து, மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டும்.

நாகாஸ்திரத்தைப் பற்றிக் கொடுத்த வரம்தான் சல்லியனோடு முறுகுகிறது. கர்ணனுக்குத் தேரோட்டும் மன்னனான சல்லியன் அர்ச்சுனன் மார்புக்குக் குறிவைக்கச் சொல்கிறான். கர்ணன் கேட்காமல் கழுத்துக்கு விடுகிறான். கண்ணன் தேரை அழுத்த, அம்பு முடியைத் தட்டிக்கொண்டு போகிறது. வாக்குக் கொடுத்தவன் மறுபடி தொடுக்க முடியாது. சல்லியன் கோபித்துத் தேரை விட்டு இறங்கிவிடுவதாகத் தமிழ் மரபில் கதை. பிறகு அந்தணனாக வரும் கண்ணனுக்குப் புண்ணியத்தையும் தாரை வார்த்த பின்பே உயிர் போகிறது.

பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) படத்தில் பொன்னுருவி இல்லை. மனைவி சுபாங்கி, தேவிகா நடித்தார். அவள் கணவனை நேசிப்பவள். குலம் பேசி அவமதிக்கும் வேலை மாமனாருக்குப் போய்விட்டது.