பந்தயத்திற்கு மாறிய மகிழுந்து

ஆஸ்திரேலியாவில் மோட்டார் கழகங்கள் வார இறுதிகளில் நடத்தும் பந்தயங்களில் ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்றொரு பிரிவு உண்டு. அதில் ஓடுபவை தோற்றத்தில் குடும்ப மகிழுந்துகளே. கதவைத் திறந்து பார்த்தால் நிலைமையே வேறு! பயணிகள் இருக்கை, தரைவிரிப்பு, குளிர்சாதனம் எல்லாம் அகற்றப்பட்டிருக்கும். எடை குறைந்தால்தானே வேகம் கூடும்?

சிலர் இயந்திரத்தையே மாற்றிவிடுகின்றனர். கனமான இயந்திரம் முன்முனையில் இருந்தால் வளைவுகளில் வண்டி எளிதில் திரும்பாது. ஆகவே, அதனை ஓட்டுநரை நோக்கிப் பின்தள்ளிப் பொருத்துவர். 1977இல் இப்பிரிவின் ஆஸ்திரேலிய வெற்றியாளர் பட்டத்தை வென்ற ஃபிராங்க் கார்ட்னரின் செவர்லே கோர்வேர் இன்னும் விந்தையானது. சாதாரணக் கோர்வேரில் இயந்திரம் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கும். கார்ட்னரின் வண்டியிலோ 5 லிட்டர் இயந்திரம் ஓட்டுநருக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையில் அமர்ந்திருந்தது.

வேகம் கூடும்போது ஆபத்தும் கூடுகிறது. அதனால், வண்டிக்குள் எஃகுக் குழாய்களால் ஆன கூண்டு ஒன்று பொருத்தப்படுகிறது. வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் அது தாங்கும். பந்தயத்திற்கு முன் பரிசோதகர்கள் கூண்டு, இருக்கைவார், தடை முதலியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பர். ஒரு குறை இருந்தாலும் வண்டி ஓடுபாதையில் இறங்க முடியாது. பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் உழைத்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்தான். ஆயினும், குறையைச் சரிசெய்து மீண்டும் காட்டிய பிறகே அவருக்கு அனுமதி கிடைக்கும்.