பனிநிலத்துக் கருப்பொருள்

கிளிவெட்டியிலே உறைபனி பெய்வதில்லை. மார்கழி விடியலில் வயல்வரம்பில் இறங்கினால் புல்நுனி நீர் காலை நனைக்கும். அதனையே நாம் பனி என்கிறோம். பெரும்பொழுதை ஆறாக வகுத்த தொல்காப்பியர் முன்பனி என்றும் பின்பனி என்றும் கூறியதும் இத்தகைய பனியையே. நிலத்தை முழங்காலளவு மூடி, ஏரியைக் கல்லாக்கி, திங்கள் பலவாகக் கிடக்கும் வெண்பனிக்கு நம் திணைநூலில் நிலம் இல்லை. அவ்வாறிருக்க, பனிமேற் சறுக்கிச் செல்லும் கட்டையைத் தேரும் முறைபற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். எனினும் எழுதத் துணிந்தேன். அதனை நான் அறிந்தது ஒரு சிறுவனின் கண்ணீரினால். அறிந்தபின் திருத்திக்கொண்டது என் ஆசிரியத் தொழிலை.

என் தங்கை போர்க்காலத்திலே நோர்வே சென்றவள். 1980களில் நம்மவர் பலர் அந்நாட்டு மக்கள் உயர்பள்ளிகளிற் பயிலச் சென்றனர். சிலர் வடகோடி ஊர்களில் மீன் பதனிடும் தொழிலில் அமர்ந்தனர். அவ்வழிச் சென்ற ஒருவரை மணந்து, ஒஸ்லோ நகரின் அயலிலே அவள் குடியானாள். சில ஆண்டுகளுக்கு முன், டிசெம்பர் விடுமுறையில், அவள் வேண்டுகோளை மறுக்க மாட்டாது நானும் அங்குச் சென்றேன்.

வீட்டின் பின்னே காடு. காட்டினூடே பனித்தடம். சிறுவரும் முதியவரும் அதன்மேல் வழுக்கிச் செல்வது நீர்மேல் ஓடம் செல்வது போலிருந்தது. என் மருகன் மட்டும் வெளியே செல்லாது சன்னலோரம் அமர்ந்திருந்தான். பத்து வயது, ஒல்லியான உடல். "நீ ஏன் போகவில்லை?" என்றேன்.

"எனக்கு அது வராது, மாமா. இவர்கள் காலிற் கட்டையோடு பிறப்பார்களாம். நாங்கள் அப்படிப் பிறக்கவில்லை" என்றான்.

சென்ற மாரியிலே பள்ளியின் பனிநாளன்று மாணவர் யாவரும் மேடேற, இவன் ஓரடி வைத்தால் ஈரடி பின்னே வழுக்கினானாம். சிலர் சிரித்தனராம். அன்றே கட்டைகளைக் கீழறையிற் போட்டுவிட்டான். அவன் சொன்ன காரணமே என்னைச் சுட்டது. தன் குறையைத் தன் பயிற்சியில் அவன் காணவில்லை, பிறப்பிலே கண்டான். வேற்று மண்ணில் வளரும் பிள்ளை அவ்வாறு எண்ணத் தொடங்கினால், அவ்வெண்ணம் கட்டையோடு நில்லாது.

அயல்வீட்டிலே ஒரு முதியவர். தச்சுத் தொழில் செய்து ஓய்ந்தவர். அவரிடம் அக்கட்டைகளைக் கொண்டுசென்றோம். அவர் கட்டையைப் பாராமலே மூன்று வினாக்களைத் தொடுத்தார். எந்த நிலத்திற் செல்வான்? எவ்வாறு செல்ல விரும்புகிறான்? அவன் எடை என்ன?

முதலிரு வினாக்களைக் கேட்டதும் எனக்கு வியப்பு மேலிட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய பறையும் யாழும் போல்வன கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். நிலமறியாமலும் ஒழுக்கமறியாமலும் கருப்பொருளை விதந்து 'இது நன்று, இது தீது' எனல் நம் மரபன்று. தச்சர் அதனையே தம் மொழியிற் கேட்டார். மூன்றாம் வினாவும் நமக்குப் புதிதன்று. அகப்பாட்டைக் கையிலெடுத்தால் 'இது யார் கூற்று?' என்றே முதலிற் கேட்கிறோம்.

கட்டையின் பெயரும் கருதத்தக்கது. ஸ்கீ என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை நோர்வேயர் 'ஷீ' என ஒலிக்கின்றனர். பிளந்த மரத்துண்டு என்பதே பழைய வடமொழிக் குடும்பத்தில் — ஆரிய வடமொழியன்று, வடபுல நோர்ஸ் மொழியில் — அதன் பொருள். நம்மூரில் பிளாச்சு என்கிறோமே, அதற்கு நெருங்கிய கருத்து.

முதியவர் கட்டைகளைச் சமையலறைத் தரையிற் கிடத்தினார். அப்போதுதான் அவை தட்டையல்ல என்று கண்டேன். இருமுனையும் தரையைத் தொட, நடுப்பகுதி வில்லென மேலெழுந்திருந்தது. தடத்திற் செல்வோர் அந்நடுப்பகுதியிலே பிடிமெழுகு பூசுவர். இருகாலிலும் எடை பகிர்ந்து வழுக்கும்போது வில் நிமிர்ந்து நிற்பதால் மெழுகு பனியைத் தொடாது. கட்டை தடையின்றி ஓடும். ஒரு காலில் முழு எடையையும் ஊன்றி உதைக்கும்போது வில் அமுங்கும், மெழுகு பனியைப் பற்றும், ஆள் முன்னேறுவான். ஒரே கட்டை ஒருகணம் வழுக்கவும் மறுகணம் பற்றவும் வல்லதாகும் நுட்பம் இவ்வில்லிலே உள்ளது.

மருகனை அவற்றின்மேல் நிற்கச் செய்து, நடுவின்கீழ் ஒரு தாளைச் செருகினார். இருகாலில் நிற்கையில் தாள் எளிதாக நகர்ந்தது. அது முறையே. ஒருகாலில் நிற்கச் சொன்னார். அப்போது தாள் இறுகவேண்டும், இறுகவில்லை. முன்போலவே நகர்ந்தது. சிறுவனின் எடை அவ்வில்லை வளைக்கவில்லை. அவன் எவ்வளவு உதைத்தாலும் மெழுகு பனியைத் தொட்டிராது. பின்னே வழுக்குவதன்றி வேறு வழியில்லை.

"இது வளர்ந்தவர் ஒருவருக்கான கட்டை, பிழை இவனுடையதன்று" என்றார் முதியவர்.

தங்கை தலைகுனிந்தாள். பழம்பொருட் சந்தையிலே மலிவாகக் கிடைத்ததாம். "வளர்ந்தால் போடலாம் என்று வாங்கினேன், அண்ணா" என்றாள். அவளை நோவதெப்படி? வளரும் பிள்ளைக்கு இரண்டு விரல் பெரிய சட்டை வாங்குவது நம் குடும்பங்களின் வழக்கம். சட்டை பிள்ளை வளருமட்டும் பொறுத்திருக்கும்; வில் பொறுத்திராது.

அதன்பின் அவர் கூறியவற்றையும், நான் பின்பு கற்றவற்றையும் தொகுத்துரைப்பேன். காட்டினூடே இட்ட இணைத்தடத்தில் நடைபோற் செல்வோர்க்கு நான்கைந்து செண்டிமீற்றர் அகலமுள்ள, இலேசான, ஆளினும் சற்றே நீண்ட கட்டை உரியது. அதிற் காலணியின் முன்புறம் மட்டும் பூட்டப்படும், குதி எழும்பும். அதே காட்டில், மட்டமாக்கிய அகன்ற வழியில், இருபுறமும் மாறிமாறி உதைத்து விரைவோர் உளர். அவர்க்குக் குட்டையான, விறைப்பான கட்டை வேண்டும், பிடிமெழுகு வேண்டா. 1980களில் இந்நடை போட்டிகளிற் பரவியபோது, பழைய நடைக்கும் இதற்கும் தனித்தனிப் போட்டி வகுக்க வேண்டியதாயிற்று. நிலம் ஒன்றே; ஒழுக்கம் வேறு; ஆதலாற் கட்டையும் வேறு.

தடமற்ற மலைமேட்டில் நெடும்பயணம் செல்வோர் ஏறக்குறைய ஆறு செண்டிமீற்றர் அகலமும் உருக்கு விளிம்பும் உடையதைக் கொள்வர். இறுகிய பனிக்காற்றடித்த சரிவிலே அவ்விளிம்பே காப்பு.

மலையிலிருந்து இறங்குவதையே விளையாட்டாகக் கொண்டோர்க்குக் குதியும் பூட்டப்படும். அவர் கட்டை முனையும் வாலும் அகன்று இடை ஒடுங்கியது. உடுக்கையை நீட்டி இழுத்தாற் போன்றது. அதனை ஒருபுறம் சாய்த்தால் விளிம்பு வளைந்து பனியைக் கீறித் தானே திரும்பும். இடைசிறுத்த வடிவைச் சிறப்புறச் செய்து பரப்பியவர் என நோர்வேயர் போற்றுபவர், தெலெமார்க் மாவட்டத்தின் மோர்கெதால் ஊரினரான சொன்ட்ரே நூர்ஹைம். 1825இற் பிறந்த அவ்வேழை, 1884இலே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897இல் வட டகோட்டாவின் சமவெளியிலே மறைந்தார். சரிவுக்கென்றே கட்டை சமைத்தவர்க்குச் சரிவில்லா நிலம் வாய்த்தது. புலம்பெயர்ந்தோர் கதையில் இது புதிதன்று.

இறங்குமிடத்தும் ஒழுக்கம் பலவாகும். ஆடவர் உலகப் போட்டிகளிலே நெருங்கிய கம்பங்களினூடே வளைந்தோடுதற்குரிய கட்டை 165 செண்டிமீற்றரிற் குறையலாகாது. நெடுஞ்சரிவில் மிகுவிரைவோடு இறங்குதற்குரியது 218இற் குறையலாகாது. முன்னது உடனே திரும்ப வேண்டும். பின்னது விரைவில் நடுங்காதிருக்க வேண்டும். 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிலே, காஷ்மீரத்துக் குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிப் கான் சரிவோட்டங்களில் இருவகையிற் போட்டியிட்டார். அத்தகையோர் வகைக்கொரு கட்டை கொண்டே செல்லவேண்டும்.

புதிதாகப் பெய்த ஆழ்பனியோ தரையினும் நீரை ஒப்பது. ஒடுங்கிய கட்டை அதில் அமிழும். பத்துச் செண்டிமீற்றருக்கு மேற்பட்ட அகலம் வேண்டும். சேற்றுவயலிற் கால் புதையும், பலகையோ புதையாது. கமக்காரர் அறிந்த உண்மையே இது. சேன் மக்கொங்கி என்னும் வீரர் நீரிற் சறுக்கும் கட்டைகளை அணிந்து அலாஸ்கா மலைப்பனியில் இறங்கிப் பார்த்தார். அதன் பயனாக, நடு மேலெழாது முனைகள் மேலெழுந்த, ஓடத்தின் அடிபோன்ற கட்டை 2002ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தது. இறுகிய சரிவுக்கும் ஆழ்பனிக்கும் இடைநிகராக, எட்டு முதல் பத்துச் செண்டிமீற்றர் அகலமுள்ளவையும் உள. திணைமயக்கத்துக்கு உரிய கட்டை என்று அவற்றைக் கூறலாம். எங்கும் செல்லும், ஓரிடத்தும் தலைசிறவாது.

நிலத்தோடு பொழுதும் உண்டு. கடுங்குளிரிற் பச்சை மெழுகு. அதனிற் குறைந்த குளிரில் நீலம். நீர் உறையும் நிலையை அண்மினால் ஊதா. அதற்கு மேல் சிவப்பு. உருகி மீண்டும் உறைந்த பனிக்குப் பசைபோன்ற களிம்பு. விடியலிற் கண்ணாடியாயிருக்கும் தடம் நண்பகலிற் கூழாகும். சிறுபொழுதின் பயனை இதனினும் தெளிவாகக் காட்டும் உவமை எனக்குக் கிடைத்ததில்லை. மெழுகின் தொல்லை வேண்டாதவர்க்கு, நடுவிலே ஆட்டுமயிர்ப் பட்டை பதித்த கட்டை இக்காலத்திற் பெருவழக்கு. முற்காலத்திலும் ஸ்காண்டிநேவியப் பகுதிகளில் ஒருகாலுக்கு நெடிய கட்டை வழுக்குதற்கும், மறுகாலுக்குத் தோல் போர்த்த குறுங்கட்டை உதைத்தற்கும் இருந்தன. 1923இல் திறக்கப்பட்ட ஹொல்மென்கொலன் அருங்காட்சியகத்திலே பழங்கட்டைகளின் வரிசையைக் கண்டு, ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை அவை வேறுபட்டதை உணர்ந்தேன்.

இதனை உணரக் கடல் கடந்திருக்க வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலை செல்ல மூதூர் லோஞ்சு. கிண்ணியாவிலே 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, வாகனத்தையும் மனிதரையும் அக்கரை சேர்த்தது 'பாதை' என்னும் தட்டை மிதவை. குளத்திலே தாமரை பறிக்கச் சிறுதோணி. இவற்றுள் எது சிறந்தது என்று எங்களூரிற் கேட்பவன் பேதையாவான். 'எந்த நீருக்கு?' என்று கிழவர் திருப்பிக் கேட்பர்.

ஆனால் அவ்வினாவை நான் என் வகுப்பறையிற் கேட்டதில்லை. அதுவே இக்கட்டுரையின் உட்பொருள். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் கற்றான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. காற்றின் பெயர்களும் நீரோட்டத்தின் பெயர்களும் அவன் நாவில் நடனமிடும். அவன் கையிலே இலக்கணச் சூத்திரங்களை உரையின்றிக் கொடுத்து மனனம் செய்யச் சொன்னேன். 'இப்போது விளங்காவிடினும் வளர்ந்தால் விளங்கும்' என்பது என் கொள்கை. அவன் தடுமாறினான். "உனக்குத் தமிழ் வராது" என்று பலர்முன் சொன்னேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. ஒஸ்லோவின் சமையலறைத் தரையிலே அந்தத் தாள் இறுகாது நகர்ந்தபோது, என் கண்முன் நின்றவன் அவன்தான். அவன் உதைத்தான், நான் கொடுத்த வில் வளையவில்லை.

மனனத்தை நான் பழிக்கவில்லை. வன்மையான வில் வேண்டியவர்க்கு வேண்டும். அது இல்லாமற் புலமை இல்லை. ஆயினும் இன்று ஒரு பாடத்தைக் கொடுக்குமுன் நிலத்தையும் ஒழுக்கத்தையும் ஏற்பவன் வலிமையையும் கேட்கிறேன். கடற்கரைப் பிள்ளைக்கு நெய்தலிலும் வயற்பிள்ளைக்கு மருதத்திலும் தொடங்குகிறேன். அந்த மாணவனை மூதூர் இறங்குதுறையிலே ஒருமுறை கண்டேன். வணக்கம் சொன்னான். மன்னிப்புக் கேட்க நா எழாது நின்றேன். இவ்வெழுத்து அவன் கண்ணிற் படுமாயின் அதனை இங்கே ஏற்றுக்கொள்வானாக.

மருகனுக்கு முதியவர் தம் பேரன் முன்பு அணிந்த கட்டைகளைக் கொடுத்தார். குட்டை, மென்மையான வில். ஒருகாலில் நின்றபோது தாள் இறுகியது. அவர் நீலமெழுகைத் தேய்த்துக் கொடுத்தார். மறுநாட் காலை சிறுவன் மேட்டின் அடியில் நின்று, ஒருமுறை உதைத்தான், வழுக்கவில்லை. நம்பாது மீண்டும் உதைத்தான். பின்னர்த் திரும்பிப் பாராமல் ஏறினான். உச்சியை அடைந்து, "மாமா, நீங்களும் வாருங்கள்!" என்று கூவினான்.

எனக்குரிய கட்டை அங்கில்லை. இருந்த இடத்தில் நின்றே கையசைத்தேன்.