குறை இருந்தாதான் கிராக்கி!

கரன்ட் கட் ஆன ராத்திரியில ரெண்டு வெள்ளைக் கல்லை எடுத்து 'டக்... டக்'னு உரசி வெளிச்சம் வரவெச்ச அனுபவம் உண்டா? கொங்குப் பக்கம் அதுக்குப் பேர் வெங்கச்சங்கல்லு. உரசினா உள்ளுக்குள்ள ஒரு மினுக்கு, கூடவே லேசா தீய்ஞ்ச வாசம். காட்டுலயும் மேட்டுலயும் கேட்பாரில்லாம கிடக்குற அந்தக் கல்தான் குவார்ட்ஸ். அதுவே ஆறு பட்டையும் கூர் முனையுமா, கண்ணாடி மாதிரி வளர்ந்து நின்னா ஸ்படிகம். ஊதா ஏறிட்டா செவ்வந்திக்கல். எல்லாமே சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒரே சரக்கு!

ஸ்டாம்ப் சேர்க்கிறவங்க, காயின் சேர்க்கிறவங்க எல்லா காலேஜிலும் இருப்பாங்க. எங்க ஹாஸ்டல்ல கல் சேர்க்கிற ஆள் ஒருத்தன் இருக்கான். அவன் என் ரூம்மேட். காங்கேயம் பக்கத்து விவசாயக் குடும்பம். மத்தவங்க டிரங்க் பெட்டியில முறுக்கும் அதிரசமும் இருந்தா, இவன் பெட்டியில பஞ்சு சுத்தின குவார்ட்ஸ். கிணறு வெட்டின மண்ணுல, ஏர் ஓட்டின காட்டுல பொறுக்கினது பாதி. மீதி, பண்டமாற்று.

ஒரு நாள் பெட்டியைத் திறந்து காட்டினான். பளபளன்னு சுத்தமா இருந்த ஒரு கல்லை எடுத்து, "சூப்பர்டா"ன்னேன். "அதுல என்ன மாப்ள இருக்கு? இதைப் பாரு"ன்னு உள்ளே அழுக்குப் படிஞ்ச மாதிரி இருந்த ஒண்ணை நீட்டினான். நான் படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸ். எங்க டிபார்ட்மென்ட்டில சொல்லிக் கொடுக்கிறதுக்கு இது அப்படியே தலைகீழ்!

ஏன்னா, இன்ஜினீயருக்கு வேண்டியது குறையே இல்லாத குவார்ட்ஸ். 1880-ல பியர் க்யூரியும் அவர் அண்ணன் ஜாக் க்யூரியும் இந்த மாதிரி படிகங்களை அழுத்தினா மின்னூட்டம் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. திருப்பி மின்சாரம் கொடுத்தா படிகம் அதிரும். உங்க கைக்கடிகாரத்துக்குள்ள இருக்கிற துளியூண்டு குவார்ட்ஸ் கவை, செகண்டுக்கு 32,768 தடவை அதிருது. ஏன் அந்த நம்பர்? ரெண்டோட பதினைஞ்சாம் அடுக்கு. பதினைஞ்சு தடவை பாதி பாதியா குறைச்சா கரெக்டா செகண்டுக்கு ஒண்ணு. 1969 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஜப்பான்ல சீகோ கம்பெனி விட்ட 'ஆஸ்ட்ரான்'தான் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம்.

இரண்டாம் உலகப்போர்ல ராணுவ ரேடியோக்களுக்காக பிரேசில் மலைகள்ல இருந்து குவார்ட்ஸை அள்ளிட்டுப் போனாங்க. வெளியே அழகா தெரியும். உள்ளே ரெண்டு படிகம் பின்னிக்கிட்டு 'இரட்டை'யா வளர்ந்திருந்தா, அந்த இடம் ரேடியோவுக்கு உதவாது. அப்படிக் கழிச்சுப்போட்டது ஏகப்பட்டது. இன்னிக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆட்டோகிளேவ்ங்கிற பெரிய இரும்பு 'குக்கர்'ல, சுமார் 350 டிகிரி சூட்டுல, ஆயிரம் மடங்குக்கு மேல காற்றழுத்தத்துல, வாரக்கணக்கா வேகவெச்சு குறையில்லாத குவார்ட்ஸை வளர்த்து எடுத்துடறாங்க.

இன்ஜினீயர் கழிச்சுப்போட்டதைத்தான் சேகரிக்கிறவங்க தேடித் தேடி வாங்குறாங்க. ரூம்மேட் நீட்டின அழுக்குக் கல்லோட பேர் 'ஃபேன்டம்'... அதாவது ஆவி! வளர்ந்துக்கிட்டிருந்த படிகம் நடுவுல நின்னுபோகும். அந்த நேரத்துல மெல்லிசா வேற கனிமத்தூள் மேல படியும். அப்புறம் மறுபடி வளர ஆரம்பிக்கும். பார்த்தா, கல்லுக்குள்ள அதோட சின்ன வயசு உருவமே நிழலா நிக்குது. வயசைச் சொல்ற மரத்து வளையம் மாதிரி, எங்கே நின்னுச்சு, எங்கே திரும்பக் கிளம்புச்சுன்னு அப்படியே தெரியும்.

'ஃபாடன்' இன்னும் விசேஷம். பாறை வெடிப்புல ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு வளர்ற படிகம், வெடிப்பு விரிய விரிய உடையும். உடைஞ்ச இடம் ஒட்டும். மறுபடி உடையும், மறுபடி ஒட்டும். கடைசியில நடுவுல வெள்ளை நூல் ஓடின தழும்போட நிக்கும். 'ஜப்பான் இரட்டை'யில ரெண்டு தட்டைப் படிகம் 84 டிகிரி 33 நிமிஷக் கோணத்துல இதய வடிவத்துல சேர்ந்திருக்கும். எந்த ஊர்ல கிடைச்சாலும் அதே கோணம்தான்! ஆல்ப்ஸ்ல கிடைக்கிற முறுக்கின படிகத்துக்குப் பேர் க்விண்டல் (குவிண்டால் இல்லீங்க!). சிலதுக்குள்ள தண்ணியும் காத்துக்குமிழும் மாட்டிக்கிட்டு, சாய்ச்சா குமிழ் நகரும். அதுல இருக்கிறது மனுஷன் பிறக்கிறதுக்கு முன்னாடி காலத்துத் தண்ணியா கூட இருக்கலாம்.

நம்ம ஊருக்கு குவார்ட்ஸ் புதுசில்லை. நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டினப்போ, சங்க காலத்துல குவார்ட்ஸ், செவ்வந்திக்கல் எல்லாம் அறுத்து மணி கோத்த பட்டறைத் தடயங்கள் கிடைச்சது. தஞ்சாவூர் பக்கத்து வல்லத்துக் கல்லைச் சாணை பிடிச்சு மூக்குக்கண்ணாடி செஞ்சிருக்காங்க. ஆனா மணிக்கும் லென்ஸுக்கும் தேவை சுத்தமான கல்தான். அழுக்கு, தழும்பு, இரட்டை... எல்லாம் கழிவு. இப்பவும் அதே கணக்குதான்.

ரூம்மேட்டோட ஃபேன்டமைப் பார்த்த ஒரு கல் வியாபாரி, "கீழ்ப்பக்கத்து அழுக்கை அறுத்து எறிஞ்சுட்டா ரெண்டு மோதிரக் கல் தேறும்"னு விலை பேசினார். வீட்டுல மோட்டார் வாங்கின கடன் நிக்குது. "கல்லை வெச்சுட்டு என்னடா பண்ணப்போறே, குடுத்துரு"ன்னார் அப்பா. இவன் குடுக்கலை. "மோதிரக் கல் ஊரெல்லாம் கிடைக்கும்பா. இந்தக் கல் நம்ம கிணத்துல மட்டும்தான் வந்துச்சு"ன்னு சொன்னானாம். கடனைக் கட்டாத அந்தக் கல்லு மேல அப்பாவுக்கு இன்னும் கடுப்பு. அவர் பக்கமும் நியாயம் இருக்கு, மறுக்க முடியலை.

இதுவே ஸ்விட்சர்லாந்தா இருந்தா கதை வேற. அங்கே படிகம் தேடி மலை ஏறுறது தலைமுறை தலைமுறையா வர்ற தொழில். அவங்களுக்கு 'ஸ்ட்ராலர்'னு தனிப் பேரே உண்டு. ஊரி மாநிலத்து பிளாங்கன்ஸ்டாக் மலையைப் பல வருஷம் குடைஞ்ச ஃபிரான்ஸ் ஃபான் ஆர்க்ஸும் அவர் கூட்டாளியும் 2005-ல ஒரு மீட்டர் நீளத்துக்குப் படிகங்கள் நிக்கிற குகையைக் கண்டுபிடிச்சாங்க. யாரும் அறுக்கலை. கொத்துக் கொத்தா இறக்கி, இப்போ பெர்ன் நகர இயற்கை வரலாற்று மியூசியத்துல நிக்குது.

ஆசை வந்து கடையில வாங்கக் கிளம்புறவங்க கொஞ்சம் உஷார்! மஞ்சள் 'சிட்ரின்'னு விக்கிறதுல பெரும்பாலானது அடுப்புல சுட்ட செவ்வந்திக்கல். அடி வெளுத்து, நுனி மட்டும் கருகின ஆரஞ்சா இருந்தா சந்தேகப்படுங்க. வானவில் கலர்ல மின்னுறது, வெற்றிடத்துல உலோக ஆவி பூசினது. விரிசலுக்குள்ள மட்டும் நிறம் திரண்டு நின்னா அது சாயம். பூஜைக் கடை ஸ்படிக மாலையில கண்ணாடியும் கலந்து வரும். மணிக்குள்ள உருண்டைக் காத்துக்குமிழ் தெரிஞ்சா அது கண்ணாடி. நிஜ குவார்ட்ஸ் கைக்குக் கூடுதலா ஜில்லுன்னு இருக்கும். ஜன்னல் கண்ணாடியைக் கீறும் (ஹாஸ்டல் ஜன்னல்ல ட்ரை பண்ணாதீங்க, ஃபைன் போடுவாங்க).

காசே இல்லாமலும் ஆரம்பிக்கலாம். கிணறு வெட்டுற இடத்துல, சொந்தக்காரர்கிட்ட கேட்டுட்டுப் பொறுக்கலாம். குவாரிக்குள்ள மட்டும் அனுமதி இல்லாம நுழையாதீங்க. சென்னைக்காரங்க எக்மோர் மியூசியத்துல புவியியல் பகுதியை ஒரு ரவுண்டு வரலாம். கல்லை சோப்புத் தண்ணியில ஊறவெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா போதும், ஆசிட் வேண்டாம். வெயில்ல வெச்சுடாதீங்க, சில செவ்வந்திக்கல் வெளுத்துடும். கையோட ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க. இடம் தெரியாத கல்லுக்கு இந்த உலகத்துல பாதி மதிப்புதான். என் ரூம்மேட்டோட ஃபேன்டம்ல ஒட்டியிருக்கிற சீட்டுல இருக்கிறது மூணே விஷயம்: ஊர் பேர், தேதி, 'கிணறு, 62 அடி'.