உஷார்! பீரோவில் பூட்டிய விருப்பம் ராத்திரி இரண்டு மணிக்கு உதவாது

முற்றிய புற்றுநோயோடோ, இனித் தேறாத இதய நோயோடோ ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களா? அவருக்கு மூச்சு நின்றால் நெஞ்சை அமுக்க வேண்டுமா, வேண்டாமா? இதற்கு உங்கள் வீட்டில் பதில் இல்லையென்றால் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்.

"டியூப் எல்லாம் வேண்டாம்னு அப்பா எப்பவோ சொல்லிட்டாரே" என்று பல வீடுகளில் நிம்மதியாக இருக்கிறார்கள். யாரிடம் சொன்னார்? பெரிய மகனிடம். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலருகே இருப்பதோ, ஏஜென்சி அனுப்பி நேற்று வந்து சேர்ந்த ஹோம் நர்ஸ். தொண்டையில் சளி கரகரவென்று இழுக்கிறது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது. அந்தப் பெண் பதறிப்போய் 108-ஐக் கூப்பிடுகிறார். அவர் மேல் தப்பே இல்லை. ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கும் உயிரைக் காப்பதுதான் வேலை. மூச்சு நின்றால் உடனே சிபிஆர்தான்: ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெஞ்சு அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வயதான உடம்பில் விலா எலும்பு முறிவது சகஜம். அப்புறம் ஐசியூ, வென்டிலேட்டர். எதையெல்லாம் வேண்டாம் என்றாரோ, அத்தனையும் நடந்துவிடும்.

சட்டம் இதற்கு வழி விட்டிருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் 'லிவிங் வில்' (எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம்) செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்த கெடுபிடியை 2023 ஜனவரியில் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தனக்காகப் பேச வேண்டியவர்கள் யார் யார் என்பதையும் அதில் எழுதலாம். ஒரு நகல் குடும்ப டாக்டரிடம் போக வேண்டும்.

ஆனால் பத்திரம் எழுதியதோடு வேலை முடியவில்லை. பார்த்துவரும் டாக்டர், சிபிஆர் செய்ய வேண்டாம் என்பதைத் தன் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். இதற்கான வழிகாட்டுதலை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இலேயே வெளியிட்டிருக்கிறது. அந்தத் தாள் மாத்திரை டப்பா பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். ராத்திரியில் எந்த நம்பருக்கு அடிப்பது என்பதையும் அதன் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதிதாக வருபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனையும் மகளையும் வீடியோ காலில் உட்கார வைத்து இப்போதே பேசி முடியுங்கள். கடைசி நேரத்தில் போனில் அழுகிற ஒரு பிள்ளையின் குரலுக்கு முன்னால் எந்தத் தாளும் நிற்காது.

இன்னொரு ஆபத்துதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. "சிபிஆர் வேண்டாம்" என்று எழுதியதும், "இனி ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று வீடே கைகழுவிவிடுவது! அந்தத் தாள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதயமும் மூச்சும் நின்ற பிறகு திரும்ப இயக்க முயலாதீர்கள். வலிக்கு மருந்து உண்டு. மூச்சுத் திணறலுக்கும் டாக்டர் அளவு சொல்லி மார்ஃபின் தரலாம். புரட்டிப் படுக்க வைப்பதும், வறண்ட உதட்டை நனைப்பதும் கடைசி வரை தொடர வேண்டும். இட்லித் துண்டு தொண்டையில் அடைத்தால் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அது நோயின் முடிவல்ல, விபத்து.

நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போது, அவரைக் கேட்காமல் ஹாலில் கூடி முடிவெடுக்கிற சொந்தக்காரர்களிடமும் உஷாராக இருங்கள். "அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார்" என்பார்கள். கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கு எல்லாம் தெரிந்தே இருக்கும்.

எழுதிய பத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அவரால் சொல்ல முடியாமல் போகும் நேரத்துக்காகத்தான் அந்தப் பத்திரமே. படுக்கையில் இருப்பவர் நினைவோடு உங்கள் கையைப் பிடித்து, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றால், தாளை ஓரம் வைத்துவிட்டு அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்.