சனிக்கிழமை கூடிய சபை
தேரியும் திருச்சபையும் – 14

குலசையிலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால் மணப்பாட்டுக் குன்று வரும். சவேரியார் தங்கிச் செபித்ததாகச் சொல்லும் குகை அங்கேதான். 1542-இல் அவர் இந்தக் கரைக்கு வந்தபோது, முத்துக்குளிக்கும் பரதவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் மறையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தான் செய்ததை 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சவேரியார் விவரிக்கிறார். முதலில் விசுவாசப் பிரமாணம், தமிழில், பகுதி பகுதியாக. பிறகு பத்துக் கட்டளைகள். பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் அதை உறுதியாக நம்ப அருள் தரும்படி வேண்டுவார்கள். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அதைக் கைக்கொள்ள அருள் தரும்படி வேண்டுவார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கட்டளையைக் கைக்கொண்டு அருளைச் சம்பாதிக்கும் கணக்கு இதில் இல்லை. கைக்கொள்வதற்கே அருள் வேண்டியிருக்கிறது. விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்ற லூத்தர் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு மறுமொழியாகத் திரெந்து பொதுச்சங்கம் தன் தீர்மானத்தை 1547-இல்தான் வெளியிட்டது. ஐரோப்பா பிளந்து நின்ற கேள்விக்கு நடுவில், நம் கரையில் மீனவர்கள் நம்பவும் கைக்கொள்ளவும் சேர்த்தே அருள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, கடலை விட்டு உள்ளே, நாசரேத் பக்கம், விசுவாசமா கட்டளையா என்ற அதே கேள்வி வேறு உருவில் வந்தது. அருமைநாயகம் என்பவர் சாயர்புரம் செமினரியில் படித்தவர். அங்கே கிடைத்த சட்டாம்பிள்ளை என்ற பெயரே நிலைத்துவிட்டது. மிஷனரி கெமரரோடு மோதி, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1849-இல் வெளிவந்த மிஷனரி கால்டுவெல்லின் நூல் அவருடைய நாடார் சமூகத்தைத் தாழ்த்தி எழுதியதும் அவரைக் கொதிக்க வைத்தது.

1857-இல் பிரகாசபுரத்தில் அவர் தனிச் சபை தொடங்கினார். இந்து கிறிஸ்தவ சபை, ஏக இரட்சகர் சபை என்றெல்லாம் அதற்குப் பெயர். வெள்ளைக்காரர் பணமோ தலைமையோ அதில் கிடையாது. ஓய்வுநாள் சனிக்கிழமை. சாம்பிராணிப் புகையும் சாஷ்டாங்க நமஸ்காரமும் உண்டு. மோசேயின் நியாயப்பிரமாணத்திலுள்ள பண்டிகைகளையும் கொண்டாடினார்கள்.

கிறிஸ்துவை நம்பியவர் ஏன் நியாயப்பிரமாணத்துக்குத் திரும்பிப் போனார்? கலாத்தியர் நிருபத்தில் பவுல் எதிர்த்தது இதைத்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் பவுல் எதை எதிர்த்தார்? கிறிஸ்துவிடம் வர விரும்பும் புறஜாதியான் முதலில் யூதனாக வேண்டும் என்ற நிபந்தனையை. நாசரேத்திலும் ஒரு நிபந்தனை இருந்தது. ஏட்டில் எழுதாதது, ஆனாலும் கடுமையானது: கிறிஸ்தவனாகும் தமிழன் மிஷனரியின் வழக்கங்களையும் அதிகாரத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். சட்டாம்பிள்ளை உதறியது அந்த நிபந்தனையை. ஐரோப்பா கலக்காத கிறிஸ்தவத்தைத் தேடி அவர் வேதத்தின் பழைய ஏடுகளுக்குப் போனார். பண்டிகைகளும் தூபமும் தம் மண்ணின் வழிபாட்டுக்கு நெருக்கமாக அங்கே இருந்தன.

அவர் நியாயப்பிரமாணத்தில் தேடியது மானத்தை. இரட்சிப்புக்கு அவருக்கு ஒரே இரட்சகர்தான், சபையின் பெயரே அதைச் சொல்கிறது. விசுவாசம் போதும் என்று பிரசங்கித்தவர்கள் தங்கள் பழக்கவழக்கத்தையும் அதோடு சேர்த்துக் கட்டியதுதான் பிழை. பவுல் கண்டித்தவர்களின் வரிசையில் சட்டாம்பிள்ளையை நிறுத்துவது அநியாயம்.